கே.எல். – சென்னை எத்தனை மணி நேரம்? வாசகர் கேள்வி – பதில்

இம்முறை விமானப் பயணத் தூரம், நேரம் பற்றி வந்த கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டோம். பதில்களில் வரும் புறப்பாட்டு நேரங்கள் கணக்குப் புரிவதற்கான எடுத்துக்காட்டுகளே. அட்டவணை அடிக்கடி மாறும் என்பதால் உங்கள் டிக்கெட்டில் இருப்பதையே நம்புங்கள்.

கேள்வி: சென்னைக்கு டிக்கெட் எடுத்திருக்கிறோம். போகும்போது இரவு 10.05-க்குக் கிளம்பி 11.30-க்கு இறங்குமாம். திரும்பும்போது இரவு 12.10-க்குக் கிளம்பி காலை 6.45-க்கு இறங்குமாம். போக ஒன்றரை மணி, வர ஆறரை மணியா? வரும் விமானம் வழியில் எங்காவது நின்று வருகிறதா?
– வாசகி, கிள்ளான்

பதில்: எங்கும் நிற்காது. டிக்கெட்டில் அச்சாகும் நேரம் எப்போதும் அந்தந்த ஊர்க் கடிகாரத்தின் நேரம். மலேசிய நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது. அதனால் இந்தியாவுக்குப் போகும்போது கிடைக்கும் இடைவெளியோடு இரண்டரையைக் கூட்டுங்கள், மலேசியாவுக்கு வரும்போது கழியுங்கள். உங்கள் டிக்கெட்டில் போகும் இடைவெளி 1 மணி 25 நிமிடம். அதோடு 2 மணி 30 நிமிடம் சேர்ந்தால் 3 மணி 55 நிமிடம். வரும் இடைவெளி 6 மணி 35 நிமிடம். அதில் இரண்டரையைக் கழித்தால் 4 மணி 5 நிமிடம். இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். சிப்பாங்கில் உள்ள கோலாலம்பூர் விமான நிலையமான கே.எல்.ஐ.ஏ.விலிருந்து சென்னை மீனம்பாக்கம் வரை நேர்த்தூரம் சுமார் 2,630 கிலோமீட்டர். திருச்சிக்கு இன்னும் 60 கிலோமீட்டர் கூடுதல், சுமார் 2,690. பயண நேரத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

இதைவிட முக்கியமான ஒன்று உங்கள் டிக்கெட்டில் ஒளிந்திருக்கிறது. திரும்பும் விமானம் இரவு 12.10-க்கு. தேதி 15 என்று போட்டிருந்தால், அது 14-ஆம் தேதி சாப்பிட்டு முடித்த இரவு. 15-ஆம் தேதி முழுவதும் தி. நகரில் துணி எடுத்துவிட்டு அன்றிரவு மீனம்பாக்கம் போனால், விமானம் ஏறக்குறைய ஒரு நாள் முன்பே போயிருக்கும். ‘வரவில்லை’ என்று பதிவாகிவிட்ட டிக்கெட்டுக்குப் பெரும்பாலும் பணமும் திரும்பாது. சென்னையிலும் திருச்சியிலும் நம் பக்கத்துக்கு வரும் விமானங்கள் பல நள்ளிரவையொட்டியே கிளம்புவதால் இந்தத் தவறு சாதாரணமாக நடக்கிறது. டிக்கெட் கைக்கு வந்ததும் அதன் மேலேயே ‘14 இரவு 9 மணிக்கு விமான நிலையத்தில்’ என்று பேனாவால் எழுதிவிடுங்கள். உங்களை அழைத்துப்போகும் வாடகைக் கார்க்காரரிடமும் ‘15-ஆம் தேதி 12 மணி’ என்று சொல்லாதீர்கள், ‘14-ஆம் தேதி ராத்திரி’ என்று சொல்லுங்கள். அவர் பகல் 12 என்று எடுத்துக்கொண்டதும் உண்டு. இந்திய விமான நிலையங்களில் வாசலிலேயே காவலர் டிக்கெட்டையும் கடப்பிதழையும் சரிபார்த்துத்தான் உள்ளே விடுவார். எனவே டிக்கெட்டின் ஒரு நகல் கையில் இருக்கட்டும், அல்லது கைப்பேசியில் இணையம் இல்லாமலும் திறக்கும்படி சேமித்து வையுங்கள்.

கேள்வி: நாங்கள் இருப்பது பினாங்கில். சென்னைக்குப் போகத் தெற்கே கே.எல். வரை போய்த் திரும்புவது சுற்றுவழிதானே?
– வாசகர், ஜெலுத்தோங்

பதில்: சுற்றுவழிதான். பினாங்கு விமான நிலையம் உள்ள பாயான் லெப்பாஸிலிருந்து சென்னை நேராக சுமார் 2,365 கிலோமீட்டர். கே.எல்.லைவிட நீங்கள்தான் சென்னைக்கு 265 கிலோமீட்டர் பக்கம், பறக்கும் நேரத்தில் சுமார் 20 நிமிடம் மிச்சம். கே.எல். வழியாகப் போனால் 325-ம் 2,630-மாக 2,955 கிலோமீட்டர், அதாவது ஏறக்குறைய 590 கிலோமீட்டர் அதிகம். 2024 டிசம்பரில் இண்டிகோ நிறுவனம் சென்னை – பினாங்கு நேரடிச் சேவையைத் தொடங்கியது. நீங்கள் போகும் பருவத்தில் அது எந்தெந்த நாட்களில் ஓடுகிறது என்று முதலில் பாருங்கள். நேரடி விமானத்தின் விலை 200, 300 வெள்ளி கூடத் தெரிந்தாலும், கே.எல்.லில் காத்திருக்கும் நேரத்தையும் அங்கே சாப்பாட்டுக்கு ஆகும் செலவையும் சேர்த்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: என் அப்பாவுக்கு 80 வயது. ‘இந்தியாவுக்கும் நமக்கும் இரண்டு மணி நேரந்தான் வித்தியாசம்’ என்று அடித்துச் சொல்கிறார். யார் சரி?
– வாசகர், ஈப்போ

பதில்: அப்பா சொல்வது அவர் இளமையில் சரியாக இருந்தது. தீபகற்ப மலேசியாவின் நேரம் அப்போது கிரீன்விச்சுக்கு ஏழரை மணி முன்னால். இந்தியா அன்றும் இன்றும் ஐந்தரை. வித்தியாசம் இரண்டே மணி. 1981 டிசம்பர் 31 இரவு 11.30-க்குக் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி 1982-க்குள் நுழைந்தோம். ஏற்கெனவே எட்டு மணிக் கணக்கில் இருந்த சபா, சரவாக்கோடு நேரம் ஒன்றானது. வித்தியாசம் இரண்டரை ஆனது அன்றிலிருந்துதான்.

இதைச் சாதகம் கணிப்பவர்களும் கவனிக்க வேண்டும். 1982-க்கு முன் ஈப்போவில் பிறந்தவருக்கு மென்பொருளில் ‘மலேசியா, 8 மணி’ என்று கொடுத்தால் அரை மணி பிசகும். லக்கினம் ஒரு ராசியைக் கடக்க ஏறத்தாழ இரண்டு மணி என்பதால், அரை மணி என்பது கால் ராசி. ஜப்பானியர் ஆட்சியில் பிறந்தவர்களுக்குக் கணக்கு இன்னும் வேறு. அப்போது இங்கே ஓடியது டோக்கியோ நேரம்.

கேள்வி: ஓர் இணையப் பக்கம் கே.எல். – சென்னை 3 மணி 45 நிமிடம் என்கிறது. இன்னொன்று 3 மணி 20 என்கிறது. விமான நிறுவனம் 4 மணி என்கிறது. தூரத்தை வேகத்தால் வகுத்தால் ஒரே விடைதானே வர வேண்டும்? நாமே கணக்கிட வழி உண்டா?
– படிவம் 5 மாணவர், செந்தூல்

பதில்: உண்டு. முதலில் தூரம். வரைபடத்தில் இரண்டு விமான நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகையைப் பாருங்கள். கே.எல்.ஐ.ஏ. வடக்கு 2.75 பாகை, கிழக்கு 101.71 பாகை. சென்னை வடக்கு 12.99, கிழக்கு 80.17. ஒரு பாகை என்பது 111.2 கிலோமீட்டர். வடக்கு – தெற்கு வித்தியாசம் 10.24 பாகை, அது 1,139 கிலோமீட்டர். கிழக்கு – மேற்கு வித்தியாசம் 21.54 பாகை. ஆனால் நிலநடுக்கோட்டை விட்டு விலக விலகத் தீர்க்கரேகைகள் நெருங்கிவரும். அதனால் இரண்டு ஊரின் சராசரி அட்சரேகையின் (7.87 பாகை) கொசைனால் பெருக்க வேண்டும். 21.54 × 0.9906 = 21.34 பாகை, அதாவது 2,373 கிலோமீட்டர். இனிப் பள்ளியில் படித்த பித்தாகரஸ்தான். இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 2,632. உருண்டைப் பூமிக்கான முறையான சூத்திரம் தருவது சுமார் 2,628. நான்கு கிலோமீட்டர்தான் பிசகு.

இந்தக் குறுக்குவழி நம் வட்டாரத்துக்கு மட்டுமே பொருந்தும். லண்டனுக்கு இதே முறையில் போட்டால் 11,470 கிலோமீட்டர் வரும். உண்மையான நேர்த்தூரம் சுமார் 10,605. நீண்ட தூரத்தில், அதுவும் வடக்கே ஏறிப் போகும்போது, பூமியின் வளைவைத் தட்டையாக நினைத்துக் கணக்கிட்டால் இப்படித்தான் ஆகும். தட்டை வரைபடத்தில் அளவுகோல் வைத்துப் பார்ப்பவர்களும் இதே பள்ளத்தில்தான் விழுகிறார்கள்.

அடுத்து நேரம். ஏர்பஸ் ஏ320 வகை விமானம் உயரத்தில் ஒலியின் வேகத்தில் 0.78 பங்கு வேகத்தில் பறக்கும். அங்குள்ள குளிரில் அது மணிக்குச் சுமார் 830 கிலோமீட்டர். ஆனால் அந்த வேகம் முழுப் பயணத்துக்கும் கிடைக்காது. மேலே ஏற 20 முதல் 25 நிமிடம் ஆகும், இறங்கவும் அவ்வளவு ஆகும். 10,000 அடிக்குக் கீழே பொதுவாக 250 நாட், அதாவது மணிக்கு 463 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. கே.எல்.ஐ.ஏ.வில் மூன்று ஓடுபாதைகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 4 கிலோமீட்டர் நீளம். எந்த வாசலிலிருந்து எந்த ஓடுபாதைக்குப் போகிறது என்பதைப் பொறுத்துத் தரையில் ஊர்வதற்கே 10 முதல் 20 நிமிடம் போய்விடும்.

ஆகவே கைக்கணக்கு இப்படி: கிலோமீட்டரை 800-ஆல் வகுத்து, வரும் நேரத்தோடு அரை மணி சேருங்கள். சென்னைக்கு 2,630 ÷ 800, அதாவது 3 மணி 17 நிமிடம். அரை மணி சேர்த்தால் 3 மணி 47. முதல் இணையப் பக்கம் சொல்வது இதைத்தான். இரண்டாவது பக்கம் அரை மணியைச் சேர்க்கவில்லை. விமான நிறுவனத்தின் 4 மணி என்பதோ, வாசலில் சக்கரம் நகரத் தொடங்கியது முதல் அங்கே வாசலில் நிற்கும்வரை உள்ள நேரம். தாமதம் என்று பெயர் வாங்காமலிருக்க அதில் கொஞ்சம் கையிருப்பும் வைத்திருப்பார்கள். விமானம் 15 நிமிடம் தாமதமாகக் கிளம்பியும் சரியான நேரத்துக்குச் சேர்வது இதனால்தான்.

இருக்கைக்கு முன்னுள்ள திரையில் தூரம் 2,700-க்கு மேல் காட்டினால் திகைக்க வேண்டாம். விமானம் நேர்கோட்டில் போகாது. மலாக்கா நீரிணை, அந்தமான் கடல், வங்காள விரிகுடா என்று வகுத்துவைத்த வான்தடங்களில் போகும். கிளம்பும் திசைக்கும் இறங்கும் திசைக்கும் ஏற்ப வளையும். பயணப் புள்ளி சேர்ப்பவர்களுக்கு ஒரு வரி: 2,630 கிலோமீட்டர் என்பது 1,634 சாதாரண மைல், 1,420 கடல் மைல். விமானிகள் பேசுவது கடல் மைலில். புள்ளித் திட்டங்கள் எந்த மைலைச் சொல்கின்றன என்று விதிமுறையில் பாருங்கள்.

கேள்வி: ஜூலையில் சென்னைக்குப் போகும் விமானம் முன்கூட்டியே சேர்ந்துவிடுகிறது, திரும்பும்போது அப்படிச் சேர்வதில்லை. காற்றா காரணம்?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: காற்றேதான். ஜூன் முதல் செப்டம்பர் வரை, தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், தரையையொட்டி மேற்கிலிருந்து காற்று வீசினாலும் வெகு உயரத்தில் கதை தலைகீழ். அங்கே கிழக்கிலிருந்து மேற்காக ஒரு வேகக் காற்றோட்டம் தென்னிந்தியாவின் மேல் பாய்கிறது. இதை 1950-களில் ஆராய்ந்து விளக்கியவர் இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டீஸ்வரம். அதன் உச்ச வேகம் விமானங்கள் பறக்கும் உயரத்துக்கும் மேலே, சுமார் 14 கிலோமீட்டருக்கு மேல் இருந்தாலும், அதன் கீழ்ப்பகுதி நம் விமானத்தைத் தொடும். வழிநெடுகச் சராசரி 50 கிலோமீட்டர் பின்காற்று என்று வைத்துக்கொண்டால் தரைவேகம் 830 அல்ல, 880. திரும்பும்போது அதே காற்று முகத்தில் அடித்தால் 780. 2,630 கிலோமீட்டருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் 20 நிமிடத்துக்கு மேல். நவம்பருக்குப் பிறகு இந்தக் காற்றோட்டம் இருக்காது, வித்தியாசமும் சுருங்கிவிடும்.

கேள்வி: பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கிறோம். பினாங்குக்கு விமானம் ஒரு மணி நேரம், ரயில் நாலு மணிக்கு மேல், கார் நாலரை. விமானந்தானே லாபம்? பெரியவர்கள் இருவர், பிள்ளைகள் இருவர்.
– வாசகி, பிரிக்ஃபீல்ட்ஸ்

பதில்: வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை கூட்டிப் பார்க்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. வானத்தில் இரண்டு விமான நிலையங்களுக்கும் நடுவே 325 கிலோமீட்டர்தான். ஏறி முடிப்பதற்குள் இறங்கத் தொடங்கும் பயணம். காற்றில் இருப்பது 40 நிமிடம் சொச்சம், அட்டவணையில் ஒரு மணி. இனி மற்றதைச் சேருங்கள். பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து கே.எல். சென்ட்ரலுக்குப் பெட்டியோடு 15 நிமிடம். விரைவு ரயிலில் டெர்மினல் 1-க்கு 28 நிமிடம், டெர்மினல் 2-க்கு 33. உள்நாட்டுப் பயணமானாலும் குழந்தைகளோடு ஒன்றரை மணி முன்னதாகப் போய்விட வேண்டும். பறக்க ஒரு மணி. பாயான் லெப்பாஸில் பெட்டி எடுத்து வெளியே வர 25 நிமிடம். அங்கிருந்து ஜார்ஜ்டவுன் 16 கிலோமீட்டர், சாதாரண நேரத்தில் 30 முதல் 40 நிமிடம். ஆகமொத்தம் 4 மணி 20 நிமிடம் அளவுக்கு வருகிறது.

ரயிலை எடுத்துக்கொள்ளுங்கள். கே.எல். சென்ட்ரல் உங்கள் வீட்டுப் பக்கத்திலேயே. இ.டி.எஸ். ரயில் பட்டர்வொர்த் சேர, நிற்கும் நிலையங்களைப் பொறுத்து, நாலு முதல் நாலரை மணி. நிலையத்திலிருந்து நடந்தே ஃபெரி துறைக்குப் போகலாம். கடலைக் கடக்கச் சுமார் 15 நிமிடம். இறங்கும் இடத்திலிருந்து பினாங்கு லிட்டில் இந்தியா நடந்து போகும் தூரம். காத்திருப்பையும் சேர்த்தால் ஐந்து மணிக்குக் கொஞ்சம் மேல். விமானத்தைவிட ஒரு மணி நேரம் கூடுதல், ஆனால் பிள்ளைகள் எழுந்து நடக்கலாம், பெட்டிக்குத் தனிக் கட்டணம் இல்லை, கடைசி நிமிடத்தில் வாசலை மாற்றி ஓடவிட மாட்டார்கள். பிரிக்ஃபீல்ட்ஸ்காரர்களுக்கு எங்கள் ஓட்டு ரயிலுக்கே. ஒரே சிக்கல் இடம். பள்ளி விடுமுறை, தீபாவளி, நோன்புப் பெருநாள் சமயத்தில் நினைத்த நாளில் நான்கு இடம் சேர்ந்தாற்போல் கிடைக்காது. முன்பதிவு திறந்த உடனேயே எடுத்துவிடுங்கள்.

கார் என்றால் சாலைவழி சுமார் 350 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் 110-க்கு மேல் போகக் கூடாது, இடையில் ஒரு தடவையாவது தாப்பா அல்லது சுங்கை பேராக் ஓய்விடத்தில் நிற்க வேண்டும். நாலரை மணி என்பது நல்ல நாளில். பெருநாளுக்கு முந்திய வெள்ளிக்கிழமை மாலையில் கிளம்பினால் ஏழெட்டு மணி ஆகலாம். ஈப்போ தாண்டி மெனோரா சுரங்கத்தையொட்டிய மலைப்பகுதியில் லாரிகள் ஏறத் திணறும். அங்கே ஒரு விபத்து என்றால் மாற்றுவழி சுலபமில்லை. இருந்தாலும் நால்வர், ஐவர் என்று போகும் குடும்பத்துக்குச் செலவில் கார்தான் மலிவு. தீவுக்குள் நுழையும்போது எந்தப் பாலம் என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள். ஜார்ஜ்டவுன் பக்கம் போவோருக்கு 1985-இல் திறந்த 13.5 கிலோமீட்டர் முதல் பாலம். பாயான் லெப்பாஸ், பத்து மாவுங் பக்கம் போவோருக்கு 2014-இல் திறந்த 24 கிலோமீட்டர் இரண்டாவது பாலம்.

விமானம் யாருக்கு லாபம்? சிரம்பான், நீலாய், சைபர்ஜெயா போல கே.எல்.ஐ.ஏ.வுக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு. பினாங்கில் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலையாகப் போகிறவர்களுக்கு. கைப்பையோடு மட்டும் போகிறவர்களுக்கு. சுபாங் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்தால் அங்கிருந்து கிளம்பும் ஏ.டி.ஆர். விமானத்தைப் பாருங்கள். சுழலி வைத்த அந்த விமானத்தின் வேகம் மணிக்கு 510 கிலோமீட்டர் அளவுதான், ஜெட்டைவிட மிகக் குறைவு. ஆனாலும் இவ்வளவு குறுகிய தூரத்தில் ஏழெட்டு நிமிடந்தான் பின்தங்கும், அதைச் சிப்பாங் வரை போகாமல் மிச்சம் பிடிக்கும் நேரம் ஈடுகட்டிவிடும்.

தைப்பூசத்துக்குப் பினாங்கு போகிறவர்கள் இந்தக் கணக்கு எதையும் நம்ப வேண்டாம். முந்திய நாள் ரதம் புறப்பட்டதிலிருந்து தண்ணீர்மலைப் பக்கச் சாலைகள் அடைபடும். விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் வரும் கடைசி 16 கிலோமீட்டர்தான் பயணத்திலேயே நீளமானதாக இருக்கும்.

கேள்வி: பினாங்கிலிருந்து கே.எல். வந்து திருச்சி விமானம் பிடிக்க வேண்டும். இரண்டும் தனித்தனி டிக்கெட். பினாங்கு விமானம் காலை 10 மணிக்குச் சேர்கிறது, திருச்சி விமானம் மதியம் 1 மணிக்கு. மூன்று மணி நேரம் போதாதா?
– வாசகர், புக்கிட் மெர்தாஜாம்

பதில்: முதலில் உங்கள் பினாங்கு டிக்கெட்டில் மூன்றெழுத்துக் குறியீட்டைப் பாருங்கள். கே-யூ-எல் என்றால் சிப்பாங். எஸ்-இஸட்-பி என்றால் சுபாங். தேடும்போது ‘கோலாலம்பூர்’ என்று கொடுத்தால் இரண்டும் ஒரே பட்டியலில் கலந்து வரும், விலை குறைந்ததை மேலே காட்டும். சுபாங்கில் இறங்கிவிட்டால் சிப்பாங்குக்குச் சாலைவழி ஒரு மணி நேரம், மாலை நெரிசலில் ஒன்றரை. அப்படியானால் மூன்று மணி போதவே போதாது. ஐந்து மணியாவது வேண்டும்.

சிப்பாங் என்றே வைத்துக்கொள்வோம். தனித்தனி டிக்கெட் என்பதால் பெட்டி தானாகத் திருச்சிக்குப் போகாது. நீங்கள் வெளியே வந்து பெட்டியை எடுத்து, புறப்பாட்டுத் தளத்துக்கு ஏறி, புதிதாகக் கொடுக்க வேண்டும். பன்னாட்டு விமானங்களுக்குப் பெட்டி வாங்கும் கவுன்ட்டர் பொதுவாகப் புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்பே மூடிவிடும். ஆகவே உங்கள் கடைசி நேரம் 1 மணி அல்ல, 12 மணி. 10 மணிக்கு விமானம் வாசலில் நின்று, 10.40-க்குப் பெட்டி வந்தால், மீதி 80 நிமிடம். இரண்டும் ஒரே டெர்மினல் என்றால் இது போதும். ஒன்று டெர்மினல் 1, மற்றொன்று டெர்மினல் 2 என்றால் ரயிலில் 3 நிமிடப் பயணம்தான், கட்டணமும் 2 வெள்ளிதான். ஆனால் நிலையத்துக்கு நடப்பது, ரயிலுக்குக் காத்திருப்பது, அங்கே இறங்கி மீண்டும் நடப்பது என்று அரை மணி போய்விடும். ஏர்ஏசியா டெர்மினல் 2. மலேசியா ஏர்லைன்ஸ், பாத்தேக் ஏர் ஆகியவை டெர்மினல் 1. ‘கே.எல்.ஐ.ஏ.தானே’ என்று நினைத்துத் தப்பான கட்டடத்தில் இறங்குபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

ஆக, எல்லாம் நேரப்படி நடந்தால் மூன்று மணி போதும். பினாங்கு விமானம் ஒரு மணி தாமதித்தால் போதாது. அப்போது திருச்சி டிக்கெட் வீணாவது உங்கள் பொறுப்பு, ஏனென்றால் இரண்டாவது நிறுவனத்துக்கு முதல் பயணத்தைப் பற்றி எந்தக் கடமையும் இல்லை. ஒரே டிக்கெட்டாக எடுத்தால், தவறும்போது அடுத்த விமானத்தில் இடம் தருவது அவர்கள் வேலை. விலை வித்தியாசம் சிறிதென்றால் ஒரே டிக்கெட்டாக எடுங்கள். தனித்தனியாகத்தான் எடுப்பேன் என்றால், பினாங்கிலிருந்து அன்று கிளம்பும் முதல் விமானத்தில் வந்துவிடுங்கள். காலை விமானங்கள் தாமதமாவது குறைவு, முந்தைய பயணங்களின் தாமதம் அவற்றின் தலையில் வந்து விழாது.

கேள்வி: லண்டனில் படிக்கும் மகனிடம் போகிறோம். போக 14 மணி, வர 13 மணி என்கிறார்கள். உங்கள் கணக்குப்படி என்ன வர வேண்டும்?
– வாசகி, கோலசிலாங்கூர்

பதில்: நேர்த்தூரம் 10,605 கிலோமீட்டர். பெரிய விமானங்கள் மணிக்கு 900 கிலோமீட்டர் அளவில் பறப்பதால் 900-ஆல் வகுத்து அரை மணி சேர்த்தால் 12 மணி 17 நிமிடம்தான் வருகிறது. மீதி நேரம் இரண்டு காரணங்களால். ஒன்று, மேற்கிலிருந்து கிழக்காக வீசும் வலுவான மேல்காற்று. போகும்போது அது எதிர்காற்று, வரும்போது முதுகில் தள்ளும். இன்னொன்று, விமானம் அந்த நேர்வழியில் போக முடியாதது. கே.எல். – லண்டன் நேர்க்கோடு ஆப்கானிஸ்தான், காஸ்பியன் கடல், தென் ரஷ்யா, உக்ரைன் வழியாக ஓடுகிறது. 2014 ஜூலை 17 அன்று ஆம்ஸ்டர்டாமிலிருந்து கே.எல்.லுக்கு வந்துகொண்டிருந்த எம்.எச்.17 சுட்டுவீழ்த்தப்பட்டு 298 பேர் இறந்தது இந்த வழியில் கிழக்கு உக்ரைனில்தான். 2022 பிப்ரவரியில் போர் மூண்டதும் உக்ரைன் வான்வெளி முழுவதும் பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டது. இப்போது தெற்கே வளைந்துதான் போகிறார்கள். மேற்காசியாவில் பதற்றம் கூடினால் அந்த வளைவும் மாறும், நேரமும் மாறும்.

கடிகார வித்தியாசத்தையும் ஒரே எண்ணாக மனப்பாடம் செய்யாதீர்கள். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை லண்டன் நமக்கு 7 மணி பின்னால், மற்ற மாதங்களில் 8 மணி பின்னால்.

கேள்வி: பொங்கலுக்குச் சென்னை போகலாம் என்று இருக்கிறோம். தாமதம் அதிகமாகும் நாட்கள் உண்டா?
– வாசகர், சுங்கை பட்டாணி

பதில்: போகி அன்று விடியற்காலையில் சேரும் விமானத்தைத் தவிருங்கள். பழையதை எரிக்கும் புகையும் பனியும் சேர்ந்து ஓடுபாதையே தெரியாமல் போன ஆண்டுகள் உண்டு. 2018 போகியன்று பல விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. பெங்களூரிலோ ஹைதராபாத்திலோ இறங்கி, புகை விலகும்வரை விமானத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்க நேரும். ஒரு நாள் முன்பே போய்விடுங்கள், அல்லது மதியத்துக்கு மேல் சேருங்கள். நவம்பர், டிசம்பரில் பயம் புயல்தான். 2023 டிசம்பர் 4-இல் மிக்ஜாம் புயலின்போது ஓடுபாதையில் வெள்ளம் புகுந்து சென்னை விமான நிலையம் மூடப்பட்டது. புயல் அறிவிப்பு வந்தால் விமான நிறுவனத்தின் செய்திக்காகக் கைப்பேசி எண்ணைப் பதிவு செய்து வையுங்கள். முகவர் மூலம் எடுத்தால் பெரும்பாலும் முகவரின் எண்தான் பதிவாகியிருக்கும், செய்தி உங்களுக்கு வராது.

நம் பக்கத்திலும் ஒன்று உண்டு. பருவம் மாறும் மாதங்களில், அதாவது ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பரில், கே.எல். வட்டாரத்தில் மாலையில் இடிமழை கொட்டும். மின்னல் எச்சரிக்கை விடுத்தால் விமானத்தடியில் வேலை செய்பவர்கள் உள்ளே போய்விட வேண்டும். விமானம் தரையிறங்கி நின்றிருக்கும், பெட்டி இறக்க ஆள் இருக்காது. 4 மணியிலிருந்து 7 மணிக்குள் சேரும் விமானத்தையொட்டித் தொடர்பயணம் வைப்பவர்கள் ஒரு மணி நேரம் கூடுதலாக விடுங்கள்.

கேள்வி: சென்னையிலிருந்து என் மாமியார் காலை 6.45-க்கு வருகிறார். நான் சிரம்பானிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்?
– வாசகர், சிரம்பான்

பதில்: 6.45 என்பது விமானம் வாசலில் நிற்கும் நேரம். அவர் வெளியே வர, குடிநுழைவு வரிசையும் பெட்டியும் சேர்ந்து, 45 நிமிடம் முதல் ஒன்றேகால் மணி ஆகும். இந்தியக் கடப்பிதழ் என்றால் மலேசிய மின்னிலக்க வருகை அட்டையைச் சேர்வதற்கு முந்திய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்பியிருக்க வேண்டும். நிரப்பாமல் வந்து, வரிசையில் நின்றபடி கண்ணாடி தேடுபவர்களால்தான் நேரம் போகிறது. அவருக்காக நீங்களே இங்கிருந்து நிரப்பிவிடலாம். அது இலவசம், பணம் கேட்கும் இணையப் பக்கம் என்றால் அது குடிநுழைவுத் துறையுடையது அல்ல.

சிரம்பானிலிருந்து கே.எல்.ஐ.ஏ. 40 நிமிடம். ஆனால் வேலைநாள் காலை 7 மணிக்குமேல் வடக்கு நோக்கிய நெடுஞ்சாலை நிரம்பும். விமான எண்ணை வைத்து இணையத்தில் பாருங்கள். சென்னையிலிருந்து ஒரே காலையில் ஒன்றுக்கு மேற்பட்ட விமானங்கள் வரும் என்பதால் ‘சென்னை விமானம்’ என்று மட்டும் தேடாதீர்கள். கிளம்பிவிட்டது என்று தெரிந்தபின் 6.30-க்கு வண்டியை எடுத்தால் போதும். எந்த டெர்மினல் என்பதை முந்திய இரவே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.